மீட்டர் பொய் சொல்லுமா?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் இன்வெர்ட்டர் பேட்டரி பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, ‘நான் முப்பது வருஷம் பெங்களூரில் அளவுக் கருவிகளை வடிவமைத்துப் பிழைத்தவன்’ என்று போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். பேட்டரியைப் பற்றி அப்புறம் ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடலூர், புதுச்சேரி பக்கமிருந்தே ஒரு கட்டு கடிதம். சரி, இந்த மாதம் முழுக்க அதுதான். இன்வெர்ட்டர்காரர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

“சார், புதுச்சேரியில் இ.சி.இ. மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் எல்லோரும் கோடிங் பயிற்சிக்கு ஓடுகிறார்கள். எனக்கோ லேப்பில் சி.ஆர்.ஓ. (மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்) முன்னால் உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. மல்டிமீட்டர், ஆசிலோஸ்கோப் இதையெல்லாம் வடிவமைக்க என்று தனியாக ஒரு வேலை இருக்கிறதா? அதில் என்னதான் செய்வார்கள்?”
– கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை

இருக்கிறதம்மா. ஆனால் அதற்கு ஆள் கேட்டு உன் கல்லூரி வாசலில் யாரும் பந்தல் போட மாட்டார்கள், நீதான் தேடிப் போகவேண்டும்.

என்ன செய்வார்கள் என்பதை என் கதையிலிருந்தே சொல்கிறேன். கடலூர் முதுநகரில், அதாவது ஓ.டி.யில், எங்கள் தெருமுனையில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை. பள்ளிக்கூடம் விட்டால் அங்கேதான் கிடப்பேன். கடைக்காரரிடம் முள் வைத்த மீட்டர் ஒன்று இருந்தது, அதை ஆவோ மீட்டர் என்பார். (ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றுக்கும் தனித்தனி மீட்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்து சலித்துப்போன டொனால்ட் மெக்கேடி என்ற பிரிட்டிஷ் தபால் துறை இன்ஜினியர், 1923-ல் மூன்றையும் ஒரே பெட்டியில் அடக்கினார். அந்த மூன்றின் முதலெழுத்துதான் ஆவோ. எந்தக் கம்பெனி முள் மீட்டரையும் நம் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.) ஒருநாள் சர்க்யூட் படத்தில் 5 வோல்ட் என்று போட்டிருந்த இடத்தில் அந்த மீட்டர் 3 வோல்ட் சொச்சம் காட்டியது. ரெசிஸ்டரை மாற்றினோம், டிரான்சிஸ்டரை மாற்றினோம், அதே மூன்று சொச்சம். கடைசியில் கடைக்காரர் பீடியைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னார்: “செட்டு சரியாத்தான்டா இருக்கு. மீட்டர்தான் குடிக்குது.”

அவர் சொன்னதன் கணக்கு எனக்குக் கல்லூரிக்குப் போனபிறகுதான் புரிந்தது. நீயே போட்டுப் பார். 10 வோல்ட் சப்ளை, இரண்டு லட்சம் ஓம் ரெசிஸ்டர் இரண்டு தொடராக, நடுவில் 5 வோல்ட் இருக்கவேண்டும். முள் மீட்டர் வோல்ட்டுக்கு 20,000 ஓம் வகை, 10 வோல்ட் ரேஞ்சில் வைத்தால் மீட்டரே இரண்டு லட்சம் ஓம் ஆகிவிடும். அதைக் கீழ் ரெசிஸ்டருக்குப் பக்கவாட்டில் வைத்த மாத்திரத்தில் அங்கே இருப்பது ஒரு லட்சம்தான். மீட்டர் காட்டுவது 3.33. இன்றைக்கு உன் லேப்பில் இருக்கும் டிஜிட்டல் மீட்டர் பெரும்பாலும் ஒரு கோடி ஓம், அதே இடத்தில் அது 4.95 காட்டும். அதுவும் பொய்தான், சின்னப் பொய்.

கருவி வடிவமைப்பவனின் வேலை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பொய்யே சொல்லாத மீட்டர் கிடையாது. எவ்வளவு பொய் சொல்லும், எந்த வெயிலில், எந்த ஈரத்தில், எத்தனை மாதத்துக்குள், என்பதைக் கண்டுபிடித்து, குறைத்து, குறைக்க முடியாததைத் தாளில் அச்சிட்டு, அதற்குக் கையெழுத்துப் போடுவதுதான் எங்கள் தொழில். சர்க்யூட் வரைவது வேலையில் சின்னப் பங்கு. மிச்ச நாளெல்லாம் வெப்ப அறைக்குள் வைத்து 0 டிகிரியிலும் 50 டிகிரியிலும் அளவு எடுப்பது, சென்னையில் சமீர் என்ற அரசு ஆய்வு மையம் போன்ற இடத்துக்குக் கருவியைத் தூக்கிக்கொண்டு போய் மின்காந்த இடையூறு சோதனையில் தோற்றுத் திரும்புவது (முதல் தடவை எல்லோரும் தோற்பார்கள்), ஒரு ரிலேயைக் கம்பெனிக்காரன் செய்வதையே நிறுத்திவிட்டான் என்று பாதி போர்டைத் திரும்பப் போடுவது. சினிமாவில் காட்டுகிற மாதிரி ஒன்றுமில்லை.

சி.ஆர்.ஓ. பிடிக்கும் என்கிறாய், ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். உன் லேப்பில் இருப்பது 30 மெகாஹெர்ட்ஸ் என்றால் 0.35-ஐ அதால் வகு. சுமார் 12 நானோ செகண்ட் வரும். திரையில் கோடு கீழிருந்து மேலே ஏற உன் சி.ஆர்.ஓ.வுக்குக் குறைந்தது அவ்வளவு நேரம் வேண்டும். அதைவிட வேகமாக ஏறும் சிக்னல் எதை வைத்தாலும் திரையில் 12-க்கு ஒட்டித்தான் ஏறும், அது சிக்னலின் வேகம் இல்லை, உன் சி.ஆர்.ஓ.வின் வேகம். அப்புறம், பத்து மடங்கு ப்ரோபில் (சிக்னலைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து சி.ஆர்.ஓ.வுக்குக் கொண்டுவரும் ஒயர்) ஒரு குட்டித் திருகு இருக்கும், அதைத் திருப்பிச் சதுர அலையின் மூலை உருண்டையாவதையும் கொம்பு முளைப்பதையும் பார். நான் பார்த்தவரை லேப்பில் அந்தத் திருகை யாரும் தொட்டதே இல்லை.

வேலை எங்கே என்றும் கேட்பாய். பெங்களூரில் டெக்ட்ரானிக்ஸ், நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் போன்றவற்றின் வடிவமைப்பு மையங்கள், அரசுப் பக்கம் பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்), ஹைதராபாத் இ.சி.ஐ.எல்., இஸ்ரோ. அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் இ.சி.ஆர். பஸ் ஏறினால் கல்பாக்கம், அங்கே இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் மின்னணுவியலுக்கும் கருவியியலுக்கும் என்றே ஒரு குழு உண்டு. இவை தவிர, பெயர் வெளியே தெரியாத இருபது முப்பது பேர் கம்பெனிகள், அங்கேதான் எல்லா வேலையும் உன் தலையில் விழும், கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது.

“என் மகன் பெங்களூரில் டெஸ்ட் கருவி செய்யும் கம்பெனியில் நான்கு வருஷமாக இருக்கிறான். அவன்கூடப் படித்தவர்கள் சாஃப்ட்வேரில் அவனைவிட நிறைய வாங்குகிறார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் ‘மீட்டர் செய்யற கம்பெனியா’ என்று கேட்டுவிட்டார்கள். மாறச் சொல்லட்டுமா?”
– ஒரு தந்தை, நெல்லிக்குப்பம்

முதலில் பெண் வீட்டுக்காரர்களுக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். ஹியூலெட் பேக்கார்டு என்றால் கம்ப்யூட்டர், பிரின்டர் என்று தெரியும் அல்லவா, 1939-ல் அது ஒரு கார் ஷெட்டில் தொடங்கியபோது செய்த முதல் சரக்கு டெஸ்ட் கருவிதான், ஆடியோ ஆசிலேட்டர். அதற்குள் அலையின் உயரத்தைக் கட்டுப்படுத்த வைத்திருந்தது ஒரு சாதாரண குண்டு பல்பு. அலை பெரிதானால் பல்பின் இழை சூடாகும், சூடானால் அதன் ரெசிஸ்டன்ஸ் ஏறும், ஏறினால் அலை தானே அடங்கும். அந்த வரிசையில் எட்டுக் கருவிகளை டிஸ்னி நிறுவனம் வாங்கியது.

சம்பள விஷயத்தில் உங்களுக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் பொய் இல்லை. முதல் ஐந்தாறு வருஷம் குறைவுதான். இந்தத் தொழிலில் ஆள் மெதுவாகத்தான் முற்றுவான், பலாப்பழம் மாதிரி (பண்ருட்டிப் பக்கத்துக்காரரிடம் வேறென்ன உவமை சொல்வது). ஆனால் முற்றினபிறகு அவனைச் சுலபத்தில் மாற்ற முடியாது. ஹெச்.பி. 1980-களின் கடைசியில் 3458ஏ என்று ஒரு மல்டிமீட்டரை வெளியிட்டது, எட்டரை இலக்கம் (எட்டு முழு இலக்கம், முன்னால் 0 அல்லது 1 மட்டும் காட்டும் ஓர் ‘அரை’ இலக்கம்). கம்பெனியின் அந்தப் பிரிவு 1999-ல் அஜிலென்ட் ஆனது, 2014-ல் கீசைட் ஆனது, பெட்டியின் மேல் பெயர்தான் மாறியது, மீட்டர் அதே மீட்டர், இன்னும் விற்கிறார்கள். ஃப்ளூக், டெக்ட்ரானிக்ஸ் என்ற இரண்டு கருவிக் கம்பெனிகளையும் டானஹர் என்ற பெரிய குழுமம் வாங்கியது, 2016-ல் ஃபோர்டிவ் என்று பிரித்துவிட்டது. முதலாளிகள் கைமாறிக்கொண்டே இருந்தார்கள், சிக்னல் முதலில் நுழையும் முன்பகுதி சர்க்யூட் தெரிந்தவனை மட்டும் எல்லா முதலாளியும் உட்காரவைத்தார்கள். நான் வேலையில் இருந்தபோது என் மேஜைக்கு மேலே தொங்கிய பெயர்ப்பலகை மூன்று தடவை மாறியது.

மகனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இந்த நாலு வருஷத்தில் நீயே தொடக்கத்திலிருந்து கடைசிவரை செய்து, கடைக்குப் போன ஒரு போர்டு இருக்கிறதா?’ இருக்கிறது என்றால் விட்டுவிடுங்கள். இல்லை, மற்றவர் செய்ததைச் சோதித்து எக்செல்லில் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றால் அவன் கம்பெனி மாறவேண்டும், தொழில் இல்லை. கல்யாணத்துக்கு வேறு பெண் பாருங்கள்.

“சேதராப்பட்டில் தொழிற்சாலை எலக்ட்ரீஷியன். எங்கள் மெயின்டனன்ஸ் மேனேஜர் ஆயிரக்கணக்கில் கொடுத்து ஒரு மீட்டர் வாங்கினார். நான் வைத்திருக்கும் முந்நூறு ரூபாய் மீட்டரும் அதே 415 வோல்ட்தான் காட்டுகிறது. ஏமாந்துவிட்டாரா?”

ஏமாறவில்லை தம்பி, அவர் வாங்கியது உங்கள் கையையும் கண்ணையும்.

இரண்டு மீட்டரையும் திருப்பிப் பாருங்கள், கேட் III 600 வோல்ட் என்பது மாதிரி ஏதாவது போட்டிருக்கும். ஐ.இ.சி. 61010 என்ற சர்வதேசப் பாதுகாப்பு விதியின்படி வரும் குறி அது, கேட் என்றால் கேட்டகரி, வகை. ‘600 வோல்ட்டா, நம்ம பேனல் 415-தானே’ என்று நினைப்பீர்கள். விஷயம் அந்த 600 இல்லை. பெரிய மோட்டாரை ஆஃப் செய்யும்போதும் பக்கத்தில் இடி விழும்போதும் லைனில் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட் துள்ளும். கேட் III 600 என்று குறி வாங்கவேண்டுமானால் 6,000 வோல்ட் அதிர்வை, 2 ஓம் மட்டுமே தடுப்பு வைத்து, மீட்டருக்குள் அடித்துப் பார்ப்பார்கள். கணக்குப் போட்டால் 3,000 ஆம்பியர். அதே 600 வோல்ட் கேட் II என்றால் 4,000 வோல்ட், 12 ஓம், முந்நூற்றுச் சொச்சம் ஆம்பியர்தான். வீட்டு பிளக் பாயின்ட்டுக்குக் கேட் II, உங்கள் பேனலுக்குக் கேட் III, கம்பத்திலிருந்து வரும் இடத்துக்குக் கேட் IV. கரண்ட் கம்பத்துக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறீர்களோ அவ்வளவு ஆபத்து, ஏனென்றால் மீட்டருக்குள் ஒரு பொறி பறந்துவிட்டால் அதற்கப்புறம் அந்தப் பொறிக்குச் சோறு போடுவது உங்கள் டிரான்ஸ்ஃபார்மரே.

இன்னொன்று ஃபியூஸ். ஆம்பியர் அளக்க வயரை 10ஏ ஓட்டையில் செருகிவிட்டு, மறந்துபோய் அப்படியே ஃபேஸில் வைப்பது எல்லோரும் ஒருநாள் செய்கிற தப்பு, நானும் செய்திருக்கிறேன். அந்த நேரத்தில் கண்ணாடி ஃபியூஸ் உருகினாலும் உருகிய உலோகம் ஆவியாகிக் கண்ணாடியின் உள்பக்கம் படிந்து, பொறி அதன் வழியே ஓடிக்கொண்டே இருக்கும், மீட்டர் கையிலேயே வெடிக்கும். நல்ல மீட்டரில் பீங்கான் குழாய்க்குள் மணல் நிரப்பிய ஃபியூஸ். சூட்டில் மணல் உருகிக் கண்ணாடியாகிப் பொறியை அணைத்துவிடும். அந்த ஃபியூஸே தனியாக வாங்கினால் உங்கள் முந்நூறு ரூபாய் மீட்டருக்குப் பக்கத்தில் வரும். மலிவு மீட்டரிலும் கேட் III என்று அச்சடித்திருக்கலாம், அச்சடிக்க மை போதும். பின் மூடியைக் கழற்றி உள்ளே இருப்பது கண்ணாடிக் குழாயா என்று பாருங்கள், கண்ணாடி என்றால் அது ரிமோட் பேட்டரி பார்க்க மட்டும்.

“அரசு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ. பி.இ. இல்லாமல் இந்தத் துறைக்குள் வர முடியாதா?”
– மாணவர், புதுச்சேரி

காலிபரேஷன் லேப் வழியாக வாருங்கள். ஒவ்வொரு மீட்டரையும் அதைவிடத் துல்லியமான இன்னொன்றோடு ஒப்பிட்டுச் சான்று தரும் இடம் அது. அந்த இன்னொன்றைச் சரிபார்க்க வேறொன்று, இப்படிப் படிப்படியாக ஏறினால் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் போய் நிற்கும். ஐ.எஸ்.ஓ. 17025 (இப்படிப்பட்ட லேப்களுக்கான சர்வதேசத் தரவிதி), என்.ஏ.பி.எல். அங்கீகாரம் (அந்த விதிப்படி நடக்கும் லேப்புக்கு நம் நாட்டில் தருவது), இந்த இரண்டு சொல்லும் தெரிந்த டிப்ளமோ பையனுக்கு வேலை கிடைக்கும். இரண்டு வருஷம் அங்கே உட்கார்ந்தால் எந்தக் கம்பெனி மீட்டர் எந்த ரேஞ்சில், எத்தனை வருஷத்தில் நழுவும் என்பது கைக்குத் தெரிந்துவிடும். அந்த அறிவு வடிவமைக்கிற எங்களுக்கே சமயத்தில் இருக்காது. என் குழுவில் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தவர் சர்வீஸ் பிரிவிலிருந்து வந்த டிப்ளமோக்காரர்தான். பதவி உயர்வில் பி.இ. இல்லாததை அவரிடம் குத்திக்காட்டிக்கொண்டே இருந்தார்கள் என்பதையும் மறைக்கவில்லை. பகுதிநேரமாகவாவது பி.இ. முடித்துவிடுங்கள்.

“முப்பது வருஷத்தில் நீங்கள் செய்த பெரிய தப்பு எது? நல்லதை மட்டும் எழுதாமல் இதையும் எழுதுங்கள்.”
– வாசகர், மஞ்சக்குப்பம்

ஊர்க்காரர் என்றால் இப்படித்தான் கேட்பார்.

மிகச் சின்ன மின்னோட்டத்தை அளக்கும் ஒரு கருவி செய்தோம், பிகோ ஆம்பியர் மீட்டர். ஒரு பிகோ ஆம்பியர் என்பது ஓர் ஆம்பியரை லட்சம் கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு. பெங்களூர் லேப்பில் ஏ.சி.யில் அழகாக வேலை செய்தது, எல்லோரும் கைகுலுக்கினார்கள், நாலைந்து கருவி வெளியே போனது. அதில் ஒன்று கடலோரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு. ஐப்பசி பிறந்தது, மழை பிடித்தது, போன் வந்தது: ‘ஒன்றும் இணைக்காமலே உங்கள் மீட்டர் ஆயிரத்துக்கு மேலே காட்டுகிறது.’ நம்பவில்லை. அவர்கள் எர்த் சரியில்லை என்றேன். கேபிள் சரியில்லை என்றேன். கருவியைத் திருப்பி வாங்கிப் பெங்களூரில் போட்டால் ஒழுங்காக இருக்கிறது, திருப்பி அனுப்பினால் அங்கே மறுபடி ஆட்டம். இப்படி இரண்டு முறை. மூன்றாம் முறை நானே போனேன், போகிற வழியில் கடலூரில் இறங்கி ஒரு ராத்திரி வீட்டில் தங்கினேன். அம்மா சாப்பாடு போடும்போது உப்பு ஜாடியைத் திறந்தார், உப்பு நீர்விட்டுக் கூழாகக் கிடந்தது. “மழைக்காலம் வந்தாலே இது இப்படித்தான் கசியும்” என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

கணக்கு இதுதான். மீட்டரின் உள்ளீட்டுக் காலுக்குப் பக்கத்திலேயே 15 வோல்ட் சப்ளை கோடு ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே போர்டின் தடை லட்சம் கோடி ஓம் இருந்தாலே 15 பிகோ ஆம்பியர் கசிந்துவிடும். பெங்களூரின் காய்ந்த ஏ.சி. அறையில் அதைவிட நூறு மடங்கு தடை இருந்தது, தப்பித்தோம். சால்டரிங் செய்தபோது மிஞ்சிய ஃப்ளக்ஸை (ஈயம் பிடிக்கத் தடவும் பசை) ஒழுங்காகக் கழுவவில்லை, அதன்மேல் கடல் காற்றின் உப்பும் ஈரமும் சேர்ந்ததும் தடை ஆயிரம் கோடி ஓமுக்கு இறங்கிவிட்டது. 15 வோல்ட்டை அதால் வகுத்தால் 1,500 பிகோ ஆம்பியர். போனில் அவர்கள் சொன்ன எண் கிட்டத்தட்ட அதேதான். கடலூரில் பிறந்து, ஜன்னல் கம்பிக்கு வருஷத்துக்கு ஒருமுறை பெயின்ட் அடிக்கிற வீட்டில் வளர்ந்தவன் செய்த தப்பு இது, அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

சரிசெய்தது எப்படி? ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் கழுவி, உலர்த்தி, மறுபடி கழுவினோம். அது அவசர சிகிச்சை. அடுத்த போர்டில் உள்ளீட்டுக் காலைச் சுற்றி ஒரு செம்பு வளையம் போட்டு, உள்ளீட்டில் என்ன வோல்ட் இருக்கிறதோ அதே வோல்ட்டை அந்த வளையத்துக்கும் கொடுத்தோம். காவல் வளையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வயலிலும் நம் வயலிலும் தண்ணீர் மட்டம் ஒன்றாக இருந்தால் வரப்பில் நண்டு ஓட்டை போட்டிருந்தாலும் தண்ணீர் ஓடாது, அல்லவா? அதே சங்கதிதான். ஈரம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், இரண்டு பக்கமும் ஒரே வோல்ட் என்றால் எது கசியும்? மிக முக்கியமான ஒரே ஒரு முனையை மட்டும் போர்டிலேயே தொடாமல் டெஃப்லான் காலில் தூக்கி நிறுத்தினோம். அதற்குப் பிறகு நான் இருந்தவரை எந்தக் கருவியும் பத்து நாள் ஈரப்பதப் பெட்டிக்குள் கிடக்காமல் வெளியே போகவில்லை. அந்தப் பெட்டிக்குப் பையன்கள் வைத்த பெயர் ‘கடலூர்’.

“சிதம்பரத்தில் கருவியியல் படிக்கிறேன். வீட்டிலேயே எதையாவது செய்து பழக ஆசை. என்ன வாங்குவது, எதைச் செய்வது? கையில் அதிகம் பணம் இல்லை.”

வாங்குவதற்கு முன் உங்கள் துறையில் எக்ஸ்பைஸ் என்ற பெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். டெல்லியில் இருக்கும் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையம் மாணவர்களுக்காக உருவாக்கியது. கம்ப்யூட்டரில் செருகினால் அதுவே ஆசிலோஸ்கோப், அதுவே சிக்னல் ஜெனரேட்டர். வடிவமைப்பு திறந்தே கிடக்கிறது, எப்படிச் செய்தார்கள் என்று படிக்கலாம், விலையும் குறைவு. பழைய மீட்டர் வேண்டுமானால் புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையைச் சுற்றுங்கள், சமயத்தில் மாட்டும், பேரம் பேசுங்கள். பாகங்களுக்குச் சென்னை ரிச்சி தெரு.

செய்வதற்கு நான் எப்போதும் சொல்வது மில்லி ஓம் மீட்டர். செலவு குறைவு, பாடம் அதிகம். சாதாரண மல்டிமீட்டரில் ஒரு மீட்டர் நீளச் செம்பு ஒயரின் ஓமை அளந்து பாருங்கள், மீட்டரின் சொந்த ஒயருக்கே கால் ஓம் அரை ஓம் காட்டும், உங்கள் ஒயர் அதில் காணாமல் போய்விடும். என்ன செய்யலாம்? எல்.எம்.317 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் ஒன்று வாங்கி, அதன் வெளியீட்டுக் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவில் 12 ஓம், அரை ஓம் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராக வைத்தால், 1.25 வோல்ட்டை 12.5-ஆல் வகுத்து, 100 மில்லி ஆம்பியர் நிலையாக ஓடும். அந்த 100 மில்லி ஆம்பியரை ஒயரின் இரண்டு முனையிலும் ஒரு ஜோடி கிளிப்பால் கொடுங்கள். அதற்குக் கொஞ்சம் உள்ளே, வேறொரு ஜோடி கிளிப்பால், மல்டிமீட்டரை 200 மில்லி வோல்ட் ரேஞ்சில் வைத்து அளங்கள். கரண்ட் போகும் பாதை வேறு, அளக்கும் பாதை வேறு, அளக்கும் ஒயரில் கரண்டே ஏறக்குறைய ஓடாததால் அதன் ஓம் கணக்கில் வராது. நாலு ஒயர் முறை என்பது இதுதான். கடைசி இலக்கம் 0.1 மில்லி வோல்ட் என்றால் அது சரியாக ஒரு மில்லி ஓம். 1 ஸ்கொயர் (குறுக்குவெட்டு 1 சதுர மில்லிமீட்டர்) செம்பு ஒயர் ஒரு மீட்டர் நீளத்துக்கு 17, 18 மில்லி ஓம் வரவேண்டும். பத்து மீட்டர் நீளம் எடுத்தால் 170, 180. உங்கள் வீட்டு ஒயரிங்குக்கு வாங்கி வைத்திருக்கும் சுருளில் பத்து மீட்டருக்கு 250 வந்தால், கடைக்காரரிடம் போய் நிற்கலாம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சால்டரிங் செய்த சூடு ஆறும்முன் அளந்தால், கரண்டை நிறுத்தினபிறகும் மீட்டர் பூஜ்யத்துக்கு வராமல் ஒன்றிரண்டு எண்ணில் நிற்கும். செம்பும் நிக்கல் பூச்சுக் கிளிப்பும் சேரும் இடத்தில் சூடு வித்தியாசம் இருந்தால் அதுவே ஒரு குட்டி பேட்டரி, டிகிரிக்கு இருபது மைக்ரோ வோல்ட் கிட்டே தரும். பாடப் புத்தகத்தில் சீபெக் விளைவு என்று இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்தது நினைவிருக்கிறதா? அதுதான் வந்து நிற்கிறது. கரண்டைத் திசை மாற்றி மறுபடி அளந்து, இரண்டின் சராசரியை எடுத்தால் அது அடிபட்டுப் போகும் (குறியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் கூட்டுங்கள்). விலை உயர்ந்த மில்லி ஓம் மீட்டர்களும் உள்ளே இதே வேலையைத்தான் செய்கின்றன. இண்டர்வியூவில் ‘கடைசி வருஷ ப்ராஜெக்ட் என்ன’ என்று கேட்டதும் நூற்றில் தொண்ணூறு பேர் வீட்டு விளக்கைப் போனில் அணைப்பதைத்தான் சொல்வார்கள், சலித்துப்போன காது எங்களுக்கு. ‘பூஜ்யம் ஏன் பூஜ்யமாக இல்லை என்று கண்டுபிடித்தேன்’ என்று ஒரு பையன் சொல்லியிருந்தால் அங்கேயே டீ வாங்கிக் கொடுத்து எடுத்திருப்பேன்.

“ஏ.ஐ. வந்தபிறகு இந்த வேலை இருக்குமா சார்?”
– கிருமாம்பாக்கம்

கருவிக்குள் சாஃப்ட்வேர் நுழைந்தது இன்று நேற்றா? கம்ப்யூட்டரும் மீட்டரும் பேசிக்கொள்ள ஐ.இ.இ.இ. 488 என்று விதி போட்டதே 1975-ல். இப்போது ஓர் ஆசிலோஸ்கோப் குழுவில் சர்க்யூட் போடுகிறவர்களைவிட நிரல் எழுதுகிறவர்கள் அதிகம், ஒரே வன்பொருளை வைத்து மென்பொருள் சாவி கொடுத்து அகல அலைவரிசையைத் திறந்துவிடுகிறார்கள். அதனால் கோடிங் படிக்காதே என்று லாஸ்பேட்டைப் பெண்ணுக்கு நான் சொல்லவில்லை, அதையும் படிக்கட்டும். ஏ.ஐ. சர்க்யூட் வரையும், நன்றாகவே வரையும் போலிருக்கிறது. உப்பு ஜாடி கசிந்ததை அது எந்தச் சமையலறையில் பார்க்கும் என்பதுதான் என் சந்தேகம். எனக்கு அறுபத்தேழு வயது, இதற்குமேல் ஜோசியம் கேட்காதீர்கள்.

“இப்போது உங்கள் வீட்டில் என்ன மீட்டர் வைத்திருக்கிறீர்கள்?”
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

ஓய்வு பெற்றபோது கழித்துக் கட்டிய விலைக்கு வாங்கிவந்த ஆறரை இலக்க மேஜை மீட்டர் ஒன்று. தெருவில் யார் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியும் முதலில் அதன் முன்னால்தான் வந்து நிற்கும். கடைசியாகக் காலிபரேஷன் செய்தது 2014-ல். அதனால் கடைசி மூன்று இலக்கத்தின் மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.